டி-டைமர் 0.9ல இருந்து 780 ஆயிட்டு, அம்மா தேறுவாங்களா?

முக்கூடல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அம்மாவுக்கு 61 வயசு, பீடி சுத்துதாங்க. கொரோனா வந்து ஆக்சிஜன் வச்சு எட்டு நாள் ஆஸ்பத்திரில இருந்திருக்காங்க. ரத்தம் உறையுதத பாக்குத டி-டைமர் டெஸ்ட் அட்மிஷன் அன்னைக்கு 0.9. வீட்டுக்கு வந்து 12 நாள் கழிச்சு வேற லேப்ல பாத்தா 780. "டாக்டர், இது கூடுனா ஆள் தேறாதுன்னு சொல்லுதாங்க, ரெண்டு நாளா வீட்டுல யாருக்கும் சோறு எறங்கல"ன்னு எழுதிருக்கார்.

தம்பி, மொதல்ல எல்லாரும் சாப்பிடுங்க. அம்மாவுக்கு டி-டைமர் ஏறல, எறங்கிருக்கு. நீங்க அனுப்புன ரெண்டு போட்டோவையும் பெருசாக்கிப் பாத்தேன், மொத லேப்ல மைக்ரோகிராம்ல போட்டிருக்காங்க, அடுத்த லேப்ல நானோகிராம்ல போட்டிருக்காங்க, ஒரு மைக்ரோகிராம்னா 1000 நானோகிராம், அப்போ அந்த 0.9ங்கிறது 900, அது இப்போ 780க்கு வந்திருக்கு, அவ்வளவுதான். இதுல இன்னொரு சிக்கலும் உண்டு, எஃப்.இ.யூ., டி.டி.யூ.ன்னு ரெண்டு விதமா அளக்காங்க, ஒரே ரத்தத்துக்கு எஃப்.இ.யூ. கணக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு வரும். உங்க ரெண்டு ரிப்போர்ட்லயும் எஃப்.இ.யூ.ன்னே இருக்கதால நேரா ஒப்பிட முடியுது. நம்பர தடிச்ச எழுத்துல போட்டுட்டு யூனிட்ட பொடி எழுத்துல போடுத ரிப்போர்ட்டப் பாத்தாலே எனக்குக் கோவம் வருது, எத்தன வீட்டுல இதனால தூக்கம் கெட்டிருக்கும்.

சரி, டி-டைமர்னா என்ன? அம்மா இலை வெட்டி முடிச்ச பொறவு தரையில கெடக்குத துணுக்கப் பாத்தா எவ்வளவு வெட்டிருக்காங்கன்னு தெரியும், வெட்டுன இலை எந்தக் கட்டுக்குப் போச்சுன்னு தெரியாதுல்லா, அது மாதிரிதான். ரத்தம் உறையும்போது ஃபைப்ரின்னு ஒரு நாரு வலை பின்னும், பொறவு ஒடம்பே அத அறுத்துக் கரைக்கும், அதுல மிஞ்சுத துணுக்குதான் டி-டைமர். எங்கயோ உறைஞ்சு கரைஞ்சிருக்குன்னு சொல்லும், காலுலயா நுரையீரல்லயான்னு சொல்லாது. நிமோனியா, ஆபரேஷன், கர்ப்பம், புத்துநோய், ஏன், வயசு கூடுனாலே இதுவும் கூடும். நார்மல்னு 500 நானோகிராம் வரை போடுதாங்க; 50 வயசு தாண்டுனவங்களுக்கு ரத்தக்கட்டி இல்லன்னு முடிவு பண்ண வயச 10ஆல பெருக்கிப் பாக்கது உண்டு, அம்மாவுக்கு 610. அப்போ 780 கொஞ்சம் கூடத்தான். ஆனா ஆறிக்கிட்டு வார நுரையீரலுக்கு இது ஆச்சரியமில்ல, சிலருக்கு மாசக்கணக்குல கூட நிக்கும்.

"தேறாது"ங்கிற பேச்சு 2020ல வூஹான்ல இருந்து வந்த ஆய்வுல ஆரம்பிச்சது. 191 நோயாளிங்க, அட்மிஷன்ல 1 மைக்ரோகிராமுக்கு மேல இருந்தவங்களுக்கு சாவுக்கான ஆட்ஸ் (சாவுக்கும் பிழைக்கதுக்கும் உள்ள விகிதம்) சுமார் 18 மடங்குன்னு வந்துச்சு. அந்த 18 ஊரெல்லாம் பரவிட்டு, ஆனா உண்மையான மடங்கு 2.6ல இருந்து 128க்குள்ள எங்க வேணா இருக்கலாம்னு அதுலயே போட்டிருந்தது பரவல. முக்கியமா அது அட்மிஷன் அன்னைக்கு எடுத்த கணக்கு, குணமாகி வீட்டுக்கு வந்தவங்களுக்கு அது பொருந்தாது. அங்கயே 183 பேர வச்சு பண்ணுன இன்னொரு ஆய்வுல, இறந்தவங்கள்ல 71 சதவீதம் பேருக்கு ஒடம்பு பூராவும் உறைதல் கட்டுமீறிப் போயிருந்தது, பிழைச்சவங்கள்ல ஒரு சதவீதம் கூட இல்ல. அத முடிவு பண்ண டி-டைமர மட்டும் பாக்கல, பிளேட்லெட், பி.டி. (ரத்தம் உறைய எடுக்குத நேரம்), ஃபைப்ரினோஜென் (ஃபைப்ரினா மாறுத புரதம்) எல்லாம் சேத்துத்தான் பாத்தாங்க. அம்மாவுக்கு ஆஸ்பத்திரில பிளேட்லெட் 2.4 லட்சம், பி.டி.யும் நார்மல்.

டிஸ்சார்ஜ் சீட்டுல ரத்தம் கட்டாம இருக்க ரிவராக்ஸபான் மாத்திர 10 மில்லிகிராம் 35 நாளைக்கு எழுதிருக்காங்க, அத ஒரு நாளும் விடாதீங்க. பிரேசில்ல ரிஸ்க் கூடுன ஆளுங்களுக்கு டிஸ்சார்ஜுக்குப் பொறவு இதே மாதிரி குடுத்துப் பாத்ததுல ரத்தக்கட்டி சம்பந்தப்பட்ட பிரச்சினை 100க்கு 9 பேர்ங்கிறது 3ஆ கொறஞ்சிருக்கு. மாமா சொல்லுதார்னு ஆஸ்பிரினும் சேத்துக் குடுக்காதீங்க, இங்கிலாந்துல சுமார் 15,000 பேருக்குப் பாத்தாங்க, குடுத்தவங்க குடுக்காதவங்க ரெண்டு பக்கமும் 28 நாள்ல 17 சதவீதம் இறந்தாங்க, வித்தியாசமே இல்ல. அத விட எனக்கு பயம் வேற ஒண்ணு. குனிஞ்சு பீடி சுத்துத அம்மாமாரு இடுப்பு வலிக்கு கடையில டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவாங்க, ரிவராக்ஸபானோட அது சேந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரி கறுப்பா போனா அன்னைக்கே வந்துடணும்.

இன்னொரு ரிப்போர்ட்டுக்குக் காசு செலவழிக்காண்டாம், காலப் பாருங்க. முட்டிக்குக் கீழ முன்பக்கம் எலும்பு முண்டா தட்டுப்படும், அங்கேருந்து 10 செ.மீ. கீழ கெண்டைக்காலச் சுத்தி அளக்கணும், டேப் இல்லன்னா பீடி கட்டுத நூலச் சுத்தி ஸ்கேல்ல வச்சுப் பாருங்க. ஒரு காலு இன்னொண்ண விட 3 செ.மீ.க்கு மேல பெருத்திருந்தா, இல்ல ஒரு கெண்டைக்காலு மட்டும் வீங்கி வலிச்சா, காலு ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி இருக்கான்னு பாக்க டாப்ளர் ஸ்கேன் எடுக்கணும். திடீர்னு மூச்சு வாங்குனா, நெஞ்சு வலிச்சா, சளில ரத்தம் வந்தா, மயங்குனா டோக்கன் போட்டு உக்காராதீங்க, 108ஐக் கூப்பிட்டு நேரா ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க. பீடி சுத்துத தட்ட மடியில வச்சு மணிக்கணக்கா உக்காரதும் இப்போதைக்கு வேண்டாம், மணிக்கு ஒரு தடவ எந்திச்சு முத்தத்துல நாலு நட நடக்கச் சொல்லுங்க.

இன்னைக்கு ராத்திரி அந்த மொத ரிப்போர்ட்ல 0.9க்குப் பக்கத்துல பேனாவால 900ன்னு எழுதி, ரெண்டையும் அம்மா கையில குடுத்துக் காட்டுங்க.