சிசரோவின் அழுக்குப் பட்டியல்

கேள்வி: ஆங்கிலத்தில் 'சார்டிட்' என்றால் கேவலமான, கீழ்த்தரமான என்று பொருள். அதற்கு மூலமான லத்தீன் 'சோர்டிடுஸ்' என்பதற்கு 'அழுக்கான' என்றுதான் படித்தேன். ஆங்கிலேயர்கள்தான் அந்தச் சொல்லைக் கெடுத்தார்களா?

பதில்: ஆங்கிலேயர்கள் மேல் போட வேறு பழிகள் நிறைய இருக்கின்றன. இதை விட்டுவிடுங்கள். கெடுத்தவர்கள் ரோமானியர்களே.

'சோர்டேஸ்' என்றால் அழுக்கு. அதிலிருந்து 'சோர்டேரே', அழுக்காக இருத்தல். அதன் வழியே உங்கள் 'சோர்டிடுஸ்'. கறுப்பைக் குறிக்கும் ஜெர்மன் 'ஷ்வார்ட்ஸ்' இதற்குத் தூரத்து உறவு என்பது மொழியியலார் கருத்து. அதுவரை துவைத்தால் போகிற அழுக்குதான்.

ரோமில் வழக்கில் மாட்டிக்கொண்டவர் இரக்கம் தேடி அழுக்கு உடையில், தாடியும் மீசையுமாக ஊர் முன் வருவார். அவருக்கு 'சோர்டிடாட்டுஸ்' என்று பெயர். தேர்தலில் நிற்பவர் சுண்ணம் பூசி வெளுத்த டோகா என்ற போர்வை போன்ற மேலாடையில் வருவார். அந்த வெண்மைதான் 'காண்டிடுஸ்', இன்றைய 'கேண்டிடேட்'. ரோமின் பெரிய அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோவே கி.மு. 58இல் நாடு கடத்தப்படும் ஆபத்து வந்தபோது துக்க உடையில் தெருத்தெருவாகக் கெஞ்சியவர்.

அப்புறம் அழுக்கு உடையிலிருந்து ஆள் மேல் ஏறியது. கஞ்சனும் சோர்டிடுஸ், தாழ்ந்த குடியில் பிறந்தவனும் சோர்டிடுஸ். இதற்கு ஒரு பட்டியலே போட்டவர் அதே சிசரோ. கி.மு. 44இல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்குக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் எந்தெந்தப் பிழைப்பு இழிவு என்று வரிசைப்படுத்துகிறார். சுங்கம் வசூலிப்பவர், வட்டிக்கு விடுபவர், கூலியாள், பட்டறையில் வேலை செய்பவர், மீன் விற்பவர், கசாப்புக்காரர், சமையல்காரர்! கூலி என்பதே அடிமைத்தனத்துக்கு அச்சாரமாம். வாங்கிய சரக்கை உடனே விற்கும் கடைக்காரர் பொய் சொல்லாமல் லாபம் பார்க்க முடியாதாம். சரி, வியாபாரமே தப்பா என்றால், இல்லை. சின்ன அளவில் செய்தால்தான் சோர்டிடுஸ். கப்பல் கப்பலாகச் செய்தால் அவ்வளவாகக் குறை சொல்ல வேண்டியதில்லை என்கிறார். மீன் கூடையில் இருந்தால் நாறும், கிடங்கில் இருந்தால் மணக்கும் போலிருக்கிறது.

இந்த உபதேசியாருக்கும் கடைகள் இருந்தன. உட்கார்ந்து விற்கவில்லை, வாடகைக்கு விட்டிருந்தார். அந்தப் பணத்தில் அழுக்கு ஒட்டவில்லை. அதே கி.மு. 44இல் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: கடைகளில் இரண்டு இடிந்து விழுந்துவிட்டன, மற்றவை விரிசல் விடுகின்றன, குடியிருந்தவர்கள் மட்டுமல்ல, எலிகள்கூடக் காலி செய்துவிட்டன.