டிக்கெட்டுக்கு காசு கட்ட முதல் மணித்தியாலத்தைக் கேளுங்கோ

கேள்வி: கட்டுநாயக்காவில பகல் 1 மணிக்கு வெளிக்கிடுற பிளைட் பின்னேரம் 7.30க்கு லண்டன்ல இறங்குதாம். ஆறரை மணித்தியாலம்தானே? (உப்புவெளி)

பதில்: இல்லை, 11. ரெண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில லண்டன் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னுக்கு.

கேள்வி: லண்டனுக்கு கோலாலம்பூரால போனா மலிவு எண்டு ஏஜென்சியில சொல்லினம். அம்மாவுக்கு எடுக்கலாமோ? (நிலாவெளி)

பதில்: எனக்கு கனகாலமா இருக்கிற கோபம் இதுதான். ஏஜென்சிக்காரர் விலையைச் சொல்லுவினம், எந்தப் பக்கத்தால சுத்திக்கொண்டு போகுது எண்டு சொல்லமாட்டினம். கொழும்பு – லண்டன் நேர்த்தூரம் கிட்டத்தட்ட 8,700 கிலோமீற்றர். கோலாலம்பூர் கிழக்கால இருக்கு, முதல்ல 2,450 அங்கால போய் பிறகு 10,600 இங்கால திரும்பி வரவேணும், மொத்தம் 13,000க்கு மேல, வயசான மனுசி காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவ்வளவு நேரம் இருக்கேலுமோ? டுபாய், டோஹா எல்லாம் போற வழியில இருக்கிற இடம். டொரொண்டோக்கே நேர்த்தூரம் 14,000 எண்டா டுபாயால போக 14,400 தான், வித்தியாசம் பெரிசில்லை.

நானும் ஒருக்கா மலிவெண்டு ரெண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தனான். முதல் பிளைட் பிந்தினது, ரெண்டாவது போட்டுது, ஒரு சதமும் திரும்பக் கிடைக்கேல்லை. முழுப் பயணமும் ஒரே புக்கிங்கில இருக்கோ, நடுவில எத்தனை மணித்தியாலம் நிக்கவேணும், ரெண்டையும் எழுத்தில வாங்குங்கோ. திருகோணமலையில இருந்து கட்டுநாயக்காக்கு றோட்டால வான் பிடிச்சுப் போற ஆறு மணித்தியாலத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பாருங்கோ.

கேள்வி: டிக்கெட்டில 15ஆம் திகதி 00.40 எண்டு இருந்தது. 15 இரவு போனன், பிளைட் போட்டுது. ஏஜென்சியிட்ட காசு கேக்கலாமோ? (கிண்ணியா)

பதில்: ஏலாது. 00.40 எண்டா 14ஆம் திகதி இரவே எயார்போட்டில நிக்கவேணும். டிக்கெட்டை வாசிக்காமல் பையில வச்சிட்டு பிறகு மற்றவனைக் குற்றம் சொல்லாதேங்கோ.

கேள்வி: அக்கா லண்டன்ல இருந்து நேர் பிளைட்டில வந்தவ. மெசின் பிழையெண்டு அஞ்சு மணித்தியாலம் பிந்தி இறங்கினவ. ஏஜென்ட் சாண்ட்விச் கூப்பன் தந்தது போதும் எண்டுறார். (மூதூர்)

பதில்: போதாது, அக்காக்கு உரித்தான காசை விடாதேங்கோ. பிரிட்டன்ல இருந்து வெளிக்கிடுற எந்தக் கம்பனி பிளைட்டுக்கும் அங்கத்தைச் சட்டம் பொருந்தும். 3,500 கிலோமீற்றருக்கு மேல எண்டா, கம்பனியின்ர பிழையால நாலு மணித்தியாலத்துக்கு மேல பிந்தினா ஆளுக்கு 520 பவுண்ஸ், மூண்டுக்கும் நாலுக்கும் இடையில எண்டா 260. காலநிலையால பிந்தினா இல்லை, மெசின் பிழைக்கு பெரும்பாலும் உண்டு. போர்டிங் பாஸை எறியாமல் வச்சு, ஏஜென்டை விட்டிட்டு கம்பனிக்கே நேர எழுதச் சொல்லுங்கோ. உங்கட ஊர் ஏஜென்ட் வேற ஏதும் ஏமாத்தியிருந்தா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அடிக்கலாம், ரசீது கையில இருக்கட்டும்.