ஜரிகையின் எடை

அன்புள்ள ஐயா,

ஜகார்த்தாவில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பினேன். கிளம்பும்போது, தெற்கு சுமத்ராவின் லாம்பூங்கைச் சேர்ந்த சக ஊழியர் ஒருவர் தன் வீட்டிலிருந்த பழைய ஜரிகைத் துணியைக் கொடுத்தார். அந்தப் பக்கத்து ஜரிகை நெசவான சோங்கெட் என்று நினைத்தேன். அவர் தாப்பிஸ் என்றார். நல்ல கனம். ஆசாரியிடம் காட்டினேன். தங்கம் பெரிதாக ஒன்றுமில்லை, எரித்தால் கொஞ்சம் வெள்ளி தேறலாம் என்றார். ராஜேந்திர சோழன் காலத்தில் நம்மிடமிருந்து போன கலைதானே இது? அந்துருண்டை போட்டு பீரோவில் வைக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்துருண்டை வேண்டாம். மடிக்கவும் வேண்டாம், மடித்த இடத்தில் ஜரிகை ஒடியும். சாயமில்லாத பருத்தித் துணி சுற்றிய குழாயில், ஜரிகை வெளிப்பக்கம் வரும்படி தளர்வாகச் சுருட்டி வையுங்கள். தண்ணீர் படக்கூடாது.

சோழனை விடுங்கள். சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசின் மீது அவன் 1025இல் நடத்திய படையெடுப்பையும் இந்தத் துணியையும் முடிச்சுப் போட நம்மிடம் சான்று எதுவும் இல்லை. பழவேற்காட்டிலிருந்து துணி கப்பலேறி அந்தத் தீவுகளுக்குப் போனது, அங்கே துணி கொடுத்து மிளகு வாங்கினார்கள் என்பதெல்லாம் உண்மை. அது வியாபாரம். தாப்பிஸ் லாம்பூங் பெண்கள் இடுப்பில் சுற்றி உடுத்தும் துணி, அவர்களுடைய கைவேலை. கடல் தாண்டி எதைப் பார்த்தாலும் 'நம்மிடமிருந்து போனது' என்று சொல்லத் தெரிகிற நமக்கு, அதைச் செய்தவள் யார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. உங்கள் கடிதத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. சுமத்ராவின் இன்னொரு ஊரான பாலெம்பாங்கின் சோங்கெட்டில் ஜரிகை தறியிலேயே ஊடையோடு சேர்ந்து நெய்யப்படும். தாப்பிஸ் அப்படி இல்லை. முதலில் பட்டைபட்டையாக வண்ணக் கோடுகள் வைத்துத் துணியை நெய்வார்கள். பழைய துணிகளின் சிவப்பு பெரும்பாலும் நுணா வேரில் எடுத்தது. அப்புறம் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஜரிகையை மேலே படுக்க வைத்து, மெல்லிய நூலால் இடைவிடாமல் பிடித்துத் தைத்துக்கொண்டே போவார்கள். ஜரிகை துணிக்குள் நுழைவதே இல்லை. நுழைத்து நுழைத்து இழுத்தால் அதன் மேல்பூச்சு உரிந்துவிடும்.

ஒன்று செய்யுங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அந்தத் துணியின் உள்பக்கத்தை ஓர் ஓரத்தில் லேசாகப் புரட்டிப் பாருங்கள். பளபளப்பே இருக்காது. புள்ளிபுள்ளியாக நூல் தையல்தான் தெரியும். எத்தனை ஆயிரம் என்று எண்ணி முடியாது. ஆசாரியின் தராசில் ஏறாதது அதுதான்.

'எரித்தால் வெள்ளி தேறலாம்' என்ற வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. போன மாதம்தான் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தோம். அடியில் அவளுடைய கல்யாணப் புடவை, கரையும் முந்தியும் இல்லாமல் கிடந்தது.

நான் எட்டாவது படித்தபோது பழைய பட்டு வாங்குபவர் தெருவில் கூவிக்கொண்டு வந்தார். பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அவர் ஓர் இழையை உருவித் தீக்குச்சியைக் காட்டினார். முடி கருகுகிற நாற்றம். கரியை விரலால் தேய்த்ததும் உள்ளே வெள்ளி மின்னியது. 'நல்ல ஜரிகைம்மா' என்றார். முழுப் புடவையையும் எடுத்துக்கொள்வதாகத்தான் சொன்னார். அம்மா கேட்கவில்லை. தானே கத்தரிக்கோலை எடுத்துக் கரையை வெட்டிக் கொடுத்தாள். மிச்சத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்தப் புடவையை நெய்த கைகளைப் பற்றி அன்று எங்கள் வீட்டில் யாரும் நினைக்கவில்லை. நானும்தான். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு காட்டமாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாம்பூங்கில் மணப்பெண் உடுத்தும் தாப்பிஸ் ஒன்றுக்கு 'ஜுங் சாராட்' என்று பெயர். நிறையச் சரக்கேற்றிய கப்பல் என்று பொருள். துணி முழுக்க ஜரிகை நிறைந்திருப்பதைப் பார்த்தால் பெயர் விளங்கும். அந்தச் செழிப்புக்குப் பின்னால் இருந்தது மிளகு. லாம்பூங் மிளகு எதிரே ஜாவாத் தீவிலிருந்த பாந்தென் துறைமுகத்துக்குப் போனது, அந்தக் காசு ஜரிகையாகத் துணியில் ஏறியது. யார் எந்தத் தாப்பிஸை எந்தச் சடங்குக்கு உடுத்தலாம் என்பதற்குக் குடும்ப அந்தஸ்தும் பட்டமும் பார்த்தார்கள்.

1883 ஆகஸ்டில் கிரகத்தோவா எரிமலை வெடித்தது. சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவிலுள்ள சுந்தா நீரிணையின் இரு கரைகளிலும் 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். லாம்பூங்கின் கரையோர ஊர்கள் பலவற்றை அலை வாரிக்கொண்டு போனது. அந்த வீடுகளின் பெட்டிகளில் என்னென்ன துணி இருந்ததோ!

இவ்வளவும் தாண்டி ஒரு குடும்பம் பெட்டியில் வைத்திருந்ததை எடுத்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் அதை ஆசாரியிடம் கொண்டு போயிருக்கிறீர்கள்.

சரி, போகட்டும். நண்பருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். உடுத்தியது அவருடைய பாட்டியா, பாட்டியின் அம்மாவா? எந்த ஊர்? தைத்தது யார்? அவர் அம்மா இருந்தால் அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் குழாயோடு வையுங்கள். எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்