எழுதாதவர்கள் விட்டுச்சென்றவை: கிரேக்க, ரோமானியத் தொல்லியல் கேள்வி பதில்

கேள்வி: கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிட்டஸும் அவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள். உடைந்த பானைகளைக் கழுவி எண்ணுவதால் புதிதாக என்ன தெரிந்துவிடப் போகிறது, ஐயா?

பதில்: எழுதத் தகுந்தது என்று தங்களுக்குத் தோன்றியதை மட்டுமே அவர்கள் எழுதினார்கள். ஏதென்ஸ் நகரத்து வாக்கெடுப்பு ஒன்றைப் பாருங்கள். வேண்டாத தலைவரின் பெயரைக் குடிமக்கள் பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். போதிய ஓடுகள் சேர்ந்தால், அதிக வாக்கு விழுந்தவர் பத்து ஆண்டுகள் நகரைவிட்டு வெளியேற வேண்டும். இதெல்லாம் நூல்களிலேயே இருக்கிறது. 1937இல் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு பழங்கிணற்றைத் தோண்டிய ஆஸ்கர் புரோனீர், அதில் ஏறத்தாழ 190 ஓடுகளைக் கண்டெடுத்தார். எல்லாவற்றிலும் ஒரே பெயர்: சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்ற தெமிஸ்டோக்ளீஸ். ஆனால் கையெழுத்தை ஒப்பிட்டால், எழுதியவர்கள் 14 பேர்தான். எதிரணியினர் கூடி உட்கார்ந்து எழுதி, வருவோர் போவோருக்குக் கொடுக்கத் தயாராக வைத்திருந்தார்கள் என்பதே இயல்பான விளக்கம். தேர்தல் வேலை செய்யும் ஒரு கூட்டம் அப்போதே இருந்திருக்கிறது! பழைய நூல்களில் இந்த ஏற்பாட்டைப் பற்றிய பேச்சே இல்லை.

கேள்வி: ஒரு ஓட்டுத் துண்டை வைத்துக் காலத்தைச் சொல்வது எப்படி? அது ஊகம்தானே?

பதில்: ஊகமில்லை, ஆனால் திருத்தத்துக்கு உட்பட்டது. இத்தாலியின் அரெட்சோ நகரில் பளபளப்பான சிவப்பு நிற மேசைக் கலங்கள் செய்தார்கள். பலவற்றின் அடியில் குயவர் பட்டறையின் முத்திரை இருக்கும். அவை எந்தக் காலத்தில் பெருமளவில் விற்றன என்பது ஐரோப்பிய அகழாய்வுகளால் நன்கு தெரியும்: கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டியபோது இந்த ஓடுகளைப் பிடித்துக்கொண்டுதான், அதே மண்ணடுக்கில் கிடைத்த உள்ளூர் மட்கலங்களுக்குக் காலம் குறித்தார். தென்னிந்தியாவின் வேறு பல ஊர்களுக்கும் அங்கிருந்துதான் கால அளவுகோல் கிடைத்தது.

பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழ்ந்தார்கள். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே குடியிருப்பு இருந்தது தெளிவானது. ஆக, வீலர் முன்வைத்த காலவரிசை திருத்தப்பட்டது. திருத்தியவையும் ஓடுகளே.

கேள்வி: அப்படியானால் ரோமானிய ஓடு கிடைத்த இடத்தில் ரோமானியர்கள் வாழ்ந்தார்கள் என்று எழுதலாமா?

பதில்: கூடாது. சாடி வந்தது என்றுதான் எழுதலாம். "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்று புறநானூறு பாடுகிறது. யவனர் என்றால் கிரேக்க, ரோமானியர்; தேறல் என்றால் மது. அந்தத் தேறலை அருந்தியவன் பாண்டியன்.

கேள்வி: குப்பையிலிருந்து ஒரு பேரரசின் பொருளாதாரத்தைக் கணக்கிட முடியும் என்கிறார்களே?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ரோம் நகரில் டைபர் ஆற்றங்கரைக்கு அருகே மோன்தே தெஸ்தாச்சோ என்று ஒரு குன்று இருக்கிறது. உயரம் சுமார் 35 மீட்டர், சுற்றளவு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முழுக்க முழுக்க உடைந்த சாடிகள்! மிகப் பெரும்பாலானவை தென் ஸ்பெயினின் குவாதல்கிவிர் ஆற்றுப் பகுதியிலிருந்து ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்தவை. வெறும் சாடியே சுமார் 30 கிலோ எடை, கொள்ளளவு ஏறக்குறைய 70 லிட்டர். எண்ணெய் ஊறிய மண் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் திரும்பப் பயன்படுத்தாமல் உடைத்து, அடுக்கி, நாற்றம் அடங்கச் சுண்ணாம்பு தூவினார்கள். மொத்தச் சாடிகள் 5 கோடியைத் தாண்டும் என்று ஒரு மதிப்பீடு உண்டு.

அந்தச் சாடிகளின் மேல் மையால் எழுதிய குறிப்புகளை 19ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிஷ் டிரெஸல் படித்து வகைப்படுத்தினார். வெற்றுச் சாடியின் எடை, எண்ணெயின் எடை, அனுப்பிய வணிகர் பெயர், சிலவற்றில் ஆண்டும்கூட. கைப்பிடியில் வேறொரு முத்திரை. ஒரு தலைநகரம் எந்த மாகாணத்து எண்ணெயால் வாழ்ந்தது, அதை அதிகாரிகள் எவ்வளவு கவனமாக நிறுத்துப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் அறியேன். பளிங்குச் சிலைகளை நானும் நேசிக்கிறேன். ஆனால் ரோம் எப்படிச் சாப்பிட்டது என்று அவற்றைக் கேட்க முடியாது.

கேள்வி: பெண்கள், குழந்தைகள் பற்றி இதில் ஏதாவது தெரியுமா?

பதில்: வட இங்கிலாந்தில், ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவருக்கு அருகே விண்டோலாண்டா என்ற ரோமானியப் படைக்கோட்டை. காற்றுப் புகாத ஈர மண்ணில் ஆயிரக்கணக்கான தோல் காலணிகள் அழியாமல் கிடைத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் சாதாரணப் படைவீரன் சட்டப்படி மணம் செய்ய முடியாது. ஆனால் கோட்டைக்குள்ளேயே பெண்களின் செருப்புகளும் குழந்தைகளின் செருப்புகளும் கிடக்கின்றன. சட்டத்தை மட்டும் படித்தவர் அங்கே ஆண்களை மட்டுமே பார்த்திருப்பார்.

கேள்வி: இணைய ஏலத்தில் பழைய கிரேக்கக் கலம் ஒன்று வருகிறது. வாங்கலாமா?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். ஏதென்ஸ் நகரத்துப் பழங்கால ஓவியர் யூஃப்ரோனியோஸ் தீட்டிய பெருங்கலம் ஒன்றை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1972இல் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. இத்தாலியின் செர்வெத்தேரி பகுதிக் கல்லறையிலிருந்து திருடப்பட்டது என்று பின்னர் தெரிந்து, 2008இல் அது இத்தாலிக்குத் திரும்பியது. கலம் திரும்பியது, அதைச் சுற்றி இருந்த செய்தி திரும்பவில்லை. யாருடைய கல்லறை, பக்கத்தில் என்ன வைத்திருந்தார்கள், ஏதென்ஸ் கலத்தை அந்த எட்ரஸ்கன் (பண்டைய இத்தாலிய இனம் ஒன்று) குடும்பம் எதற்காகப் போற்றியது என்பவையெல்லாம் திருடர்களின் கடப்பாரையோடு போய்விட்டன. வாங்குபவர் இருக்கும்வரை தோண்டுபவரும் இருப்பார்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். இந்தத் துறைக்கு வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் தொல்லியல் படிக்கலாம். கிரேக்க, ரோமானியப் பகுதியில் ஆர்வமிருந்தால் லத்தீனையோ கிரேக்கத்தையோ இப்போதே தொடங்குங்கள். வேதியியலை விட்டுவிடாதீர்கள், கலத்தில் ஊறியிருப்பது எண்ணெயா மதுவா என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்லும். முக்கியமாக, படம் வரையக் கற்றுக்கொள்ளுங்கள். ஓட்டின் வாய்விளிம்பை அளந்து வரையும்போதுதான் குயவரின் விரல் எங்கே அழுத்தியது என்று கண்ணுக்குத் தெரியும். அருகில் அகழாய்வு நடந்தால் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஓடு கழுவத்தான் சொல்வார்கள்.