சம்மதமில்லாமல் மனநல மருத்துவமனையில் சேர்க்க எவ்வளவு சாட்சியம் வேண்டும்? – கேள்வி பதில்

கேள்வி: டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. நோய் இருப்பது வேறு, அதனால் இப்போது ஆபத்து இருப்பது வேறு. இந்தியாவின் 2017 மனநலச் சட்டப்படி இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாட்களுக்குள்ளோ.

கேள்வி: "ஆக்ரோஷமாக நடந்துகொள்கிறார்" என்று அறிக்கையில் இருக்கிறதே?

பதில்: அது எழுதியவரின் அபிப்பிராயம். யார் பார்த்தார், எந்த நாள், என்ன நடந்தது? "செவ்வாய் இரவு கத்தியோடு வந்து என் அறைக் கதவை உதைத்தான்" என்று தங்கை சொன்னால் அது சாட்சியம். இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் தாளில் உள்ள வாசகத்தை அடுத்தடுத்தவர்கள் அப்படியே எடுத்து எழுதுவார்கள். மூன்று பேர் பார்த்ததுபோல் இருக்கும். விசாரித்தால் பார்த்தவர் ஒருவர்தான்.

கேள்வி: திருடனுக்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். நோயாளியை அடைத்துவைக்க மட்டும் ஏன் அதைவிடக் குறைந்த சாட்சியம் போதும் என்கிறார்கள்?

பதில்: 1979இல் ஆடிங்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத்தான் அலசியது. மகன் ஆடிங்டனைக் காலவரையின்றி மனநல மருத்துவமனையில் வைக்கக் கேட்டவர் அவருடைய தாய். சாதாரண சிவில் வழக்கின் அளவு (எது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பது) போதாது, சுதந்திரம் பறிபோகிறது என்றது நீதிமன்றம். குற்ற வழக்கின் அளவையும் கட்டாயமாக்கவில்லை. மனநோய் கணிப்பில் அவ்வளவு உறுதி கிடைக்காது என்பது காரணம். இடைப்பட்ட 'தெளிவான, நம்பத்தக்க சாட்சியம்' குறைந்தபட்சத் தேவை ஆனது.

கேள்வி (அவரே): உறுதி கிடைக்காது என்றால் விட்டுவிடத்தானே வேண்டும்? அடைப்பதற்கு அது எப்படிக் காரணமாகும்?

பதில்: நியாயமான ஆட்சேபம், பாதி ஏற்கிறேன். நேற்று கதவை உதைத்தாரா என்பதை எந்த அளவுக்கும் நிரூபிக்கலாம். அதில் சலுகையே கூடாது. நாளை உதைப்பாரா என்பதைச் சந்தேகமற யாராலும் சொல்ல முடியாது. அங்கேதான் இடைப்பட்ட அளவு. அதற்கு ஈடாகக் காலக்கெடுவும் மறுஆய்வும் வேண்டும். இவை இரண்டும் இல்லாத இடத்தில் உங்கள் பக்கம்தான் நான்.

கேள்வி: அண்ணனை முன்பே சேர்த்திருக்கிறோம். அது போதுமா?

பதில்: போதாது. பழைய சிகிச்சை மட்டுமே காரணமாகாது என்று சட்டமே சொல்கிறது. யார் பார்த்தார், எந்த நாள், என்ன நடந்தது?

கேள்வி: வீட்டார் பேச்சைக் கேட்காமல் காதலிக்கிறாள். இதை ஆதாரமாகக் காட்டலாமா?

பதில்: கூடாது. சமூக வழக்கத்தை மீறுவது மனநோய்க்கு அடையாளமல்ல. அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது.

கேள்வி: எந்த மாத்திரை நல்லது?

பதில்: மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இப்போதே உயிருக்கு ஆபத்து என்றால்?

பதில்: சாட்சியம் திரட்டிக்கொண்டு நிற்காதீர்கள், உடனே மருத்துவ உதவிக்குக் கொண்டுபோங்கள். அவசர சிகிச்சைக்கு அதே சட்டம் 72 மணி நேரம் தருகிறது. பார்த்ததை அன்றைக்கே, நேரம் போட்டு எழுதி வையுங்கள்.