கம்யூனிட்டி காலேஜிலிருந்து பிசினஸ், எம்.ஐ.எஸ்.: கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது பற்றி மட்டும் பதில் சொல்கிறேன். மற்ற மாநிலங்களின் விதிகள் வேறு. எம்.ஐ.எஸ். என்பது மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ், அதாவது நிறுவனங்கள் கணினியையும் தகவலையும் பயன்படுத்தும் விதம் பற்றிய படிப்பு.

சான் ஹோசேயிலிருந்து ஓர் அம்மா: பையன் எடுத்த கால்குலஸ் "டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்று கேட்லாக்கில் இருக்கிறது. போதும்தானே?

போதாதும்மா. பலர் சறுக்குவது இங்கேதான். டிரான்ஸ்ஃபர் ஆகும் என்றால் யூனிட் (பாட அளவு) கணக்கில் சேரும், அவ்வளவுதான். மேஜர் (முதன்மைப் பாடப்பிரிவு) கேட்கும் பாடத்துக்கு அது ஈடா என்பது வேறு கேள்வி. எந்தக் காலேஜ் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் என்ற இணையதளத்தில் உங்கள் காலேஜ், போகும் வளாகம், மேஜர் மூன்றையும் போட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் பிசினஸ் மாணவர்களுக்கான சுருக்கமான கால்குலஸில் ஏ வாங்கினாள். அவள் விரும்பிய மேஜர் முழு கால்குலஸ் கேட்டது. கோடை விடுமுறை முழுக்க, விடியற்காலை பஸ் பிடித்துப் போய் மறுபடி படித்தாள். பதிவு செய்யும் முன் பத்து நிமிடம் பார்த்திருந்தால் அந்தக் கோடை மிஞ்சியிருக்கும்.

பொதுவாகக் கேட்பவை: ஃபைனான்ஷியல், மேனேஜீரியல் என இரண்டு அக்கவுண்டிங், மைக்ரோ, மேக்ரோ என இரண்டு எகனாமிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கால்குலஸ். எம்.ஐ.எஸ். என்றால் பல இடங்களில் ஒரு புரோகிராமிங் பாடமும் உண்டு. பைத்தானா, ஜாவாவா என்பதை அந்த வளாகம்தான் சொல்லும்.

ஒரு மாணவர்: டேக் (சேர்க்கை உத்தரவாத விண்ணப்பம்) போட்டால் பெர்க்லி நிச்சயமா?

இல்லை தம்பி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூ.சி.) வளாகங்களில் பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியாகோ மூன்றிலும் டேக் கிடையாது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகியவற்றில் ஒன்றுக்குத்தான் போடலாம், அதுவும் செப்டம்பர் மாதத்தில். சில மேஜர்களுக்கு விலக்கு உண்டு.

இன்னொருவர்: எக்ஸெல் கிளாஸ் டிரான்ஸ்ஃபர் ஆகுமா?

அசிஸ்ட்.

மற்றொருவர்: ஆன்லைன் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்?

மேலே அந்த அம்மாவுக்குச் சொன்னதுதான். இந்தக் கேள்வியை இனி எடுக்க மாட்டேன்.

ஓர் அண்ணன்: சி.எஸ். (கம்ப்யூட்டர் சயின்ஸ்) கிடைக்காதவர்கள்தானே எம்.ஐ.எஸ். படிக்கிறார்கள்?

ஒத்துக்கொள்ள முடியாது அண்ணா. கடையின் கணினியில் 12 பெட்டி, கிடங்கில் எண்ணினால் 11. தவறு ரசீதிலா, டேட்டாபேஸிலா, பொருளை இறக்கியவர் பதிந்த நேரத்திலா? அதைக் கண்டுபிடிக்கக் கணக்கும் தெரிய வேண்டும், புரோகிராமிங்கும் தெரிய வேண்டும். எல்லோரும் வேண்டாவெறுப்பாக உட்காரும் அக்கவுண்டிங் வகுப்பில்தான் அந்தப் படிப்பு தொடங்குகிறது.

அதே அண்ணன்: சம்பளம் குறைவுதானே?

ஆளையும் வேலையையும் பொறுத்தது. பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு இது மிச்சம்" என்று சொல்லிச் சேர்க்காதீர்கள், அண்ணா. அதுதான் என் கவலை.

எஃப்-1 (மாணவர் விசா) மாணவி: எம்.ஐ.எஸ்ஸுக்கு ஸ்டெம் ஓ.பி.டி. (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு, பட்டத்துக்குப் பின் வேலை செய்யும் அனுமதியின் நீட்டிப்பு) உண்டா?

பட்டத்தின் பெயரை நம்பாதேம்மா. ஐ-20இல் (விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) உள்ள சி.ஐ.பி. எண் (படிப்பின் வகையைக் குறிக்கும் எண்) ஸ்டெம் பட்டியலில் இருந்தால்தான் அந்த 24 மாத நீட்டிப்பு. ஒரே பெயருள்ள படிப்புக்கு இரண்டு வளாகங்களில் இரண்டு எண்கள் இருக்கலாம். சேரும் முன் எண்ணைக் கேட்டு எழுத்தில் வாங்கி வை.

கடைசியாக ஒரு தந்தை: கம்யூனிட்டி காலேஜ் கட்டணம்?

கலிஃபோர்னியாவாசி என்றால் யூனிட்டுக்கு 46 டாலர். எஃப்-1க்குப் பல மடங்கு. எச்-4 (எச்-1பி போன்ற வேலை விசாக்காரரின் குடும்ப விசா) பிள்ளைகள் இங்கே ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்திருந்தால் மாநிலவாசிக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் மாநிலவாசித் தகுதிக்கான படிவத்தைக் கேளுங்கள், முதல் பில் கட்டும் முன்பே.