கள்ளிதான், ஆனால் பாலைவனத்துக் கள்ளி இல்லை கண்ணு

கூட வேலை செய்கிறவர் கிறிஸ்துமஸ் கள்ளி ஒன்று கொடுத்தார், தொட்டி சின்னதாக இருக்கிறது, கள்ளிச் செடி மண் என்று பையில் விற்கிறார்களே அதை வாங்கி மாற்றிவிடலாமா, விளக்கு ஏதாவது வைக்கணுமா, குளிருக்கு எந்தக் கோட்டு நல்லது என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய் கண்ணு. கோட்டைப் பற்றி உன் ஆபீஸில் கேட்டுக்கொள். விளக்கெல்லாம் வேண்டாம், கிழக்கு ஜன்னல் போதும். மண்ணில்தான் நான் அடிபட்டவள், அதைச் சொல்கிறேன்.

முதலில், இப்போது அதைத் தொடாதே. டிசம்பரில் மொட்டும் பூவுமாக இருக்கும், இந்த நேரத்தில் வேரைக் கலைத்தால் மொட்டு அத்தனையும் கொட்டிவிடும். பூ ஓய்ந்து மார்ச், ஏப்ரல் வரட்டும். வேர் நெருக்கிக்கொண்டு இருந்தால் இது நன்றாகவே பூக்கும், அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்றினால் தாராளம்.

நான் டொராண்டோவுக்கு வந்தது 2001 ஜனவரியில். ஒரு பேஸ்மென்ட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி, இத்தாலிக்காரி, இதே செடியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். தொட்டி மாற்றலாம் என்று தோன்றியது. மண் என்றால் வாசலில் தோண்டுவது, அவ்வளவுதானே எனக்குத் தெரியும். ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் குழிக்கரண்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். தரை இரும்பு மாதிரி உறைந்து கிடந்தது, கரண்டியின் காம்பு வளைந்ததுதான் மிச்சம். விடவில்லை, ஏப்ரலில் பனி உருகினதும் தோண்டி ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய அள்ளிவிட்டேன். வீட்டுச் சொந்தக்காரர் நம் ஆள்தான், புல்தரையைக் கெடுத்துவிட்டேன் என்று அந்த மாத வாடகையோடு இருபது டாலர் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

அது ஒட்டும் களிமண். தண்ணீர் ஊற்றினால் தட்டில் நிற்பது போல மேலேயே நின்றது. ஒரே மாதத்தில் அடித்தண்டு வெந்த வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று ஆகி, தூக்கினால் கையோடு வந்துவிட்டது. நுனியில் மூன்று கணு மட்டும் பச்சையாக இருந்தது. அதை முறித்து இரண்டு நாள் காயவைத்து ஒரு டீ கப்பில் நட்டேன். இன்றைக்குச் சமையலறை ஜன்னலில் இரண்டடி அகலத்துக்குத் தொங்குகிறதே, அந்தச் செடிதான்.

ஏன் அழுகியது என்று பிறகுதான் புரிந்தது. இதன் சொந்த ஊர் பிரேசிலில் ரியோ பக்கத்துக் கடலோர மலை. அங்கே இது தரையில் வளர்வதில்லை, மரக்கிளை இடுக்கிலும் பாறை வெடிப்பிலும் மக்கின சருகில் வேர் விட்டுக்கொண்டு நிற்கும். ஈரம் வேண்டும், ஆனால் வேரைச் சுற்றிக் காற்றும் வேண்டும். அதனால் தோட்டத்து மண்ணும் ஆகாது, மணல் மிகுந்த வெறும் கள்ளி மண்ணும் ஆகாது, அது சீக்கிரமே காய்ந்துபோகும். ஏற்கெனவே வாங்கிவிட்டாய் என்றால் சாதாரண பாட்டிங் மிக்ஸை, அதாவது தொட்டிச் செடிக்கென்று பையில் விற்கும் கலவையை, பாதிக்குப் பாதி கலந்துவிடு. இனிமேல்தான் வாங்கப்போகிறாய் என்றால் பாட்டிங் மிக்ஸ் இரண்டு பங்கு, பெர்லைட் (பொரி மாதிரி வெள்ளையாக, லேசாக இருக்கும் கல்) ஒரு பங்கு, ஆர்க்கிட் செடிக்கென்று விற்கும் மரப்பட்டைத் துண்டு கிடைத்தால் ஒரு கைப்பிடி. பெர்லைட்டைக் கொட்டுமுன் தண்ணீர் தெளித்துக்கொள், அந்தத் தூசி மூக்கில் ஏறினால் நாள் முழுக்க இருமல்தான்.

கடையில் மலிவாக டாப் சாயில், அதாவது தோட்டத்து மேல்மண், என்று ஒரு மூட்டை இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதே. ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்று எழுதியிருக்கும் பையும் வேண்டாம். குளிர்காலத்தில் வெயிலே இல்லாத வீட்டுக்குள் மண் காய்வதற்கே பத்து நாள் ஆகும், இதில் ஈரத்தைப் பிடித்து வைக்க வேறு ஆள் எதற்கு? தொட்டி ஒரு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும், அடியில் ஓட்டை கட்டாயம். ஓட்டைக்கு மேலே கல் பரப்பாதே. கல்லுக்கு மேலேயே ஈரம் தேங்கி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். மாற்றினபின் ஒரு மாதத்துக்கு உரம் கூடாது.

நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஆளாளுக்கு மோர் ஊற்று, முட்டை ஓடு போடு, டீத்தூள் போடு என்பார்கள். இது லேசான அமிலத்தன்மை உள்ள மண்ணைக் கேட்கிற செடி, முட்டை ஓடு நேர் எதிர். இருபது வருடமாக இங்கே இருந்துகொண்டு இன்னும் திண்டுக்கல் வெயிலை நினைத்தே செடி வளர்க்கிறவர்களிடம் என்ன பேசுவது? ஒருத்தர் ஊர்ச் செம்மண்ணைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து ஏர்போர்ட்டில் பறிகொடுத்தார். கனடாவுக்குள் வெளிநாட்டு மண்ணைக் கொண்டுவரக் கூடாது, நீயும் முயற்சி பண்ணாதே.

ஆனால் ஊர்ச் சரக்கு ஒன்று இங்கேயே கிடைக்கும். என் ஊர் பொள்ளாச்சிப் பக்கம். நார் மில்லுக்கு வெளியே தென்னை நார்க்கழிவு மலை மலையாகக் கிடக்கும், மழை பெய்தால் அதிலிருந்து டீத்தண்ணீர் நிறத்தில் ரோட்டில் ஓடும், பள்ளிக்கூடம் போகும்போது பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டுவோம். வேண்டும் என்கிறவர் சும்மா அள்ளிக்கொண்டு போகலாம். இங்கே ஒரு நாள் கடையில் செங்கல் மாதிரி அழுத்திக் கட்டி, கோகோ பீட் என்று பேர் போட்டு வைத்திருந்தான். திருப்பிப் பார்த்தால் இந்தியத் தயாரிப்பு. வாங்கிவந்து பக்கெட்டில் போட்டதும் புசுபுசுவென்று உப்பி, அதே வாசம். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அந்தக் கழிவையா காசு கொடுத்து வாங்கின?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பாட்டிங் மிக்ஸில் பாதிக்குப் பதில் அதையும் போடலாம். உப்பு இருக்கும், இரண்டு தடவை அலசிப் பிழிந்துவிடு. ஏப்ரலில் ஸ்கார்பரோ பக்கம் வந்தால் சொல், பக்கெட்டில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.